அடுத்த வீட்டாரின் சாமியைப் பற்றி



அடுத்த இதழிலிருந்து உலகச் சமயங்கள் பற்றி ஒரு தொடர் வரவிருக்கிறது. அறிவிப்பு வெளியானதும் வந்த கடிதங்களில் இரண்டு குரல்கள் ஓங்கிக் கேட்டன. "பத்திரிகை பக்தி இதழாக மாறப்போகிறதா?" என்று சிலருக்குக் கவலை. "எங்கள் நம்பிக்கையை வெளியாள் யாரோ வந்து எடைபோடுவதா?" என்று வேறு சிலருக்கு மனத்தாங்கல். இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். சமயத்தைப் பற்றி எழுத வருகிறவர் ஒன்று அதைப் பரப்ப வருகிறார், இல்லையேல் பழிக்க வருகிறார் என்ற எண்ணம் அது.

இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு வழி இருக்கிறது. சமயவியல் என்ற பெயரில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல்கலைக்கழகங்கள் அதில் நடந்து பார்த்திருக்கின்றன. தடுக்கி விழுந்தும் இருக்கின்றன. அந்தத் துறையின் அடிப்படைக் கருத்துகளையும் கலைச்சொற்களையும் தொடர் தொடங்குமுன்பே உங்களோடு பேசிவிட நினைக்கிறேன். தொடருக்கு எழுதுகிறவர்களிடம் நாங்கள் கேட்டிருக்கும் நிபந்தனைகளும் இவற்றிலிருந்து எடுத்தவையே.

முதலில் ஒரு வேறுபாடு. ஒரு சமயத்தைக் கற்பது வேறு, அதைப் பற்றிக் கற்பது வேறு. ஞாயிறு வகுப்பிலும் மதரஸாவிலும் தேவாரப் பாடசாலையிலும் நடப்பது முதலாவது. அங்கே ஆசிரியரும் மாணவரும் ஒரே நம்பிக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பறையில் உள்ள எவரும், எந்தச் சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும், ஒரே பாடத்தைப் படித்து ஒரே தேர்வை எழுத முடியுமானால் அது இரண்டாவது.

இந்த வேறுபாடு நீதிமன்றங்கள்வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் நாள்தோறும் பைபிளிலிருந்து பத்து வசனங்கள் வாசித்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1963-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே தீர்ப்பு, சமயங்களை ஒப்பிட்டுப் படிப்பதும் அவற்றின் வரலாற்றைப் படிப்பதும் கல்வியின் பகுதியாக இருக்கலாம் என்றும் சொன்னது. அதன் பிறகு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. நம் அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் கூறு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது. சமயங்களைப் பற்றிய கல்வியை அந்தக் கூறு தடுக்கவில்லை என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் விளக்கியது. போதனையையும் படிப்பையும் பிரிக்கும் அந்தக் கோட்டில்தான் எங்கள் தொடர் நிற்கும்.

பிறர் சமயத்தை அவர் வாயாலேயே கேட்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதைக்குப் பெயரே 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. மாதவர் வேடத்தில் வஞ்சி நகருக்குள் போகும் மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் அவர் கொள்கையைக் கேட்கிறாள். பின்னாளில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்து, பிறர் கொள்கைகளை வரிசையாக எடுத்துவைத்துவிட்டே தம் கொள்கைக்கு வந்தார். எதிராளி சொல்வதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்கு அதை மறுக்கவும் தகுதியில்லை என்ற நேர்மை அந்த மரபில் இருந்தது. ஆனால் தீர்ப்பு முன்பே முடிவாகியிருந்தது. மணிமேகலையின் பயணம் பௌத்தத்தில் முடியும். பரபக்கம் சைவ சித்தாந்தத்துக்கு வழிவிடும். இன்றைய சமயவியல் அந்தக் கடைசி அடியை எடுத்துவைக்காமல் நின்றுகொள்கிறது. கடவுள் உண்டா, மோட்சம் உண்டா, எந்த வழி மெய்யான வழி என்ற கேள்விகளுக்கு அது விடை சொல்வதில்லை. அவை அற்பக் கேள்விகள் என்பதால் அல்ல. தன் கருவிகளால் அளக்க முடியாதவை என்பதால். பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967-ல் சமயவியல் துறையை நிறுவிய நினியன் ஸ்மார்ட் இதை ஆய்வுமுறை சார்ந்த அறியொணாமை என்று அழைத்தார். ஆய்வாளர் வீட்டில் எதை வேண்டுமானாலும் வணங்கலாம், வணங்காமலும் இருக்கலாம். ஆய்வு மேசையில் அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இப்படி ஒதுக்கிவைப்பது எவ்வளவு கடினம் என்பதை நம் தரங்கம்பாடியில் நடந்த ஒரு கதை காட்டுகிறது. 1706 ஜூலையில் டென்மார்க் அரசர் அனுப்பிய லூத்தரன் மிஷனரியாக பர்த்தலோமேயு சீகன்பால்க் அங்கே வந்து இறங்கினார். ஜெர்மானியர். இங்குள்ளோரை மதம் மாற்றுவதே வந்த வேலை. அதில் அவருக்கு ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், தாம் படித்த தமிழ் நூல்களுக்கு ஒரு விவரப் பட்டியலே எழுதினார். அதோடு நில்லாமல் தமிழ் அறிந்தோருக்குக் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்பி, பதில்களைப் பெற்று, ஜெர்மன் மொழியில் ஆக்கி, ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். எந்தத் தெய்வத்தை எதற்காக வணங்குகிறீர்கள், பாவம் என்று எதைக் கருதுகிறீர்கள், எங்கள் சமயத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற வகைக் கேள்விகள். இன்றைய களஆய்வாளர் கையில் வைத்திருக்கும் கேள்விப் பட்டியலுக்கு அது மூத்த உறவு.

அந்த உழைப்பின் விளைவாக 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். பரம்பொருள், மும்மூர்த்திகள், ஊர்த் தெய்வங்கள், தேவர்கள் என்று தமிழர் தாமே வகுத்துக்கொண்ட வரிசையில் அது செல்லும். அய்யனாரும் எல்லம்மனும் பிடாரியும் அதில் தனி இடம் பெற்றவர்கள். கையெழுத்துப் படி ஹாலேவுக்குப் போனது. அங்கிருந்த அவருடைய மேலாளர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள், அதை ஐரோப்பாவில் பரப்பும் வேலையைச் செய்யலாகாது என்பது அவர் கருத்து. சுவடி கிடப்பில் போயிற்று. 1867-ல்தான், அதுவும் சென்னையில்தான், அது முதன்முதலில் அச்சேறியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பொறுத்திருந்த புத்தகம்.

சீகன்பால்க் இறுதிவரை மிஷனரிதான். தமிழர் சமயம் பிழையானது என்ற முடிவை அவர் கைவிடவில்லை. ஆனால் அந்த முடிவு விவரிப்பைக் கெடுக்காதபடி பல இடங்களில் பார்த்துக்கொண்டார். பிராங்கேவுக்கு விவரிப்பதே ஆபத்தாகப் பட்டது. இந்த இருவருக்கும் நடுவில்தான் பின்னாளில் ஒரு துறை முளைத்தது.

அந்தத் துறைக்குக் கால்கோள் இட்டவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறவர் வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர். 1870-ல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், ஒரே சமயத்தை மட்டும் அறிந்தவர் எதையுமே அறியாதவர் என்ற பொருள்படப் பேசினார். மொழிகளை ஒப்பிட்டு மொழியியல் வளர்ந்ததுபோலச் சமயங்களை ஒப்பிட்டு ஓர் அறிவியல் வளரும் என்று நம்பினார். அவர் பதிப்பாசிரியராக இருந்து தொடங்கிய 'கீழை நாட்டுப் புனித நூல்கள்' வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வந்தது. மகத்தான பணி. ஆனால் அதனுள்ளே ஒரு சாய்வும் உண்டு. சமயம் என்றால் நூல், நூல் என்றால் பழைய நூல் என்ற எண்ணம் அந்த வரிசை முழுக்க இருக்கிறது. ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யம் வடமொழியில் இருந்ததால் இடம் பெற்றது. அதே மரபு வேதத்துக்கு நிகராகப் போற்றும் திவ்வியப் பிரபந்தத்துக்கு இடமில்லை. தமிழ் நூல் ஒன்றுகூட அந்த ஐம்பதில் இல்லை. நூலே இல்லாத வழிபாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முல்லர் வாழ்நாளில் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. வந்திருந்தால், ஆடி மாதம் ஒரு தெருவில் நின்றிருந்தால், நூலில் இல்லாத எவ்வளவு சமயம் இந்த மண்ணில் இருக்கிறது என்பதைக் கண்டிருப்பார்.

சரி, சமயம் என்றால் என்ன? தொடரின் ஆலோசனைக் கூட்டத்தில் அதிக நேரத்தைத் தின்ற கேள்வி இது. 1871-ல் மானிடவியலாளர் எட்வர்ட் டைலர், ஆவி உருவான சக்திகளில் நம்பிக்கை வைப்பதே சமயத்தின் குறைந்தபட்ச அடையாளம் என்றார். எல்லாப் பொருளிலும் உயிர் உண்டு என்று கருதுவதற்கு ஆங்கிலத்தில் அனிமிசம் என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. எளிய வரையறைதான், ஆனால் அது நம்பிக்கையையே எல்லாமாக்கிவிடுகிறது. 1912-ல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்கைம் வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஒரு யூத ரபியின் மகன் அவர். கடவுளை மையமாக வைக்காத பௌத்தத்தைச் சுட்டிக்காட்டி, கடவுளை வைத்துச் சமயத்தை வரையறுக்க முடியாது என்றார். எல்லாச் சமூகங்களும் சிலவற்றை அன்றாடத்திலிருந்து ஒதுக்கி, விலக்குகள் சூழ வைத்திருக்கின்றன. அந்தப் புனிதத்தைச் சுற்றி மக்கள் ஒரே சமூகமாகத் திரள்வதே சமயம் என்பது அவர் விடை.

புனிதம், அன்றாடம் என்ற இந்த இணை இத்துறையின் மிகப் பயனுள்ள கருவிகளில் ஒன்று. செருப்பைக் கழற்றும் இடத்தைப் பாருங்கள். கோயில் வாசலிலும் பள்ளிவாசல் படியிலும் கழற்றுகிறோம். எரியும் முட்செடி முன் மோசே காலணியைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டதாக யாத்திராகமம் சொல்கிறது. கல்லின் வேதியியலில் புனிதம் இல்லை. குவாரியில் கிடந்த கல்லும் கருவறைக்குப் போன கல்லும் ஒரே பாறைதான். எது, எப்போது, யாரால், எந்தச் சடங்கின் வழியாக ஒதுக்கப்படுகிறது என்று கேட்க டர்கைம் சொல்லித்தந்தார். அப்படி ஒதுக்கப்பட்டதன் முன் நிற்பவருக்கு உள்ளே என்ன நேர்கிறது என்று கேட்டவர் ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ. 1917-ல் வெளிவந்த தம் நூலில், நடுங்கவும் வைத்து ஈர்க்கவும் செய்யும் ஒரு மறைபொருள் அனுபவம் என்று அதை விவரித்தார். எல்லைச்சாமி முன்னால் இரவில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சமும் அண்டுதலும் ஒரே மூச்சில் வரும் இடம் அது.

ஒற்றை வரி வரையறையை விட்டுவிட்டு, சமயத்துக்கு என்னென்ன பரிமாணங்கள் என்று கேட்டவர் மேலே சொன்ன நினியன் ஸ்மார்ட். கோட்பாடு, கதை, சடங்கு, ஒழுக்கம், அனுபவம், சமூக அமைப்பு, பொருள் வடிவம் என ஏழு. எங்கள் தொடரின் முதல் கட்டுரை தமிழ்ச் சமணர்களைப் பற்றியது. அவர்களை வைத்தே இந்த ஏழையும் பார்த்துவிடலாம். உயிரைப் பற்றும் வினையும், உண்மைக்குப் பல முகம் உண்டு என்னும் அநேகாந்தமும் கோட்பாடு. ரிஷபதேவர் முதல் மகாவீரர்வரை 24 தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை, கதை. அவர்களின் திருமேனிகளுக்கு நடக்கும் அபிஷேகம், சடங்கு. கொல்லாமையும், பொழுது சாயுமுன் இரவு உணவை முடித்துக்கொள்வதும் ஒழுக்கம். பற்று அறுந்த நிலையில் வாய்க்கும் அமைதி, அனுபவம். துறவியரும் இல்லறத்தாரும் சேர்ந்த சங்கமும், செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் உள்ள மடமும் சமூக அமைப்பு. சித்தன்னவாசல் ஓவியமும் மலைக்குகைகளின் கற்படுக்கைகளும் பொருள் வடிவம். இந்த ஏழில் உலகைப் படைத்த கடவுள் எங்குமே வரவில்லை. ஆயினும் இதைச் சமயமில்லை என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். கடவுள் நம்பிக்கைதான் சமயம் என்று நினைப்பவர்களுக்கு நம் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது.

சமணர்களிடமிருந்தே இன்னொரு கருத்தையும் கற்கலாம். முதுமையிலோ தீராத நோயிலோ உணவைப் படிப்படியாக நிறுத்தி உயிர்விடும் நோன்பை அவர்கள் சல்லேகனை என்பார்கள்; வடக்கே சந்தாரா என்பார்கள். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இது தற்கொலைக்கு ஒப்பானது என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வெளியே இருப்பவர் கண்ணுக்குப் பட்டினிச் சாவு. உள்ளே இருப்பவருக்கோ ஆசையை வென்று, வினையைக் கழித்து, விழிப்போடு விடைபெறும் தவம். ஆய்வாளர்கள் இவற்றை அகநோக்கு, புறநோக்கு என்று பிரிப்பார்கள். மரபுக்குள் இருப்போர் தம் சொற்களில் சொல்வது அகநோக்கு. எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான அளவுகோலால் வெளியாள் சொல்வது புறநோக்கு. இரண்டும் வேண்டும். எது எங்கே பேசுகிறது என்று வாசகருக்குத் தெரியவும் வேண்டும். சட்டம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தேடுமுன் இரண்டு விவரிப்புகளும் மேசைமீது இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலை.

சடங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச ஆசை. 1909-ல் அர்னால்ட் வான் ஜெனப் என்ற ஆய்வாளர், பிறப்பு, பூப்பு, திருமணம், இறப்பு ஆகிய சடங்குகளை உலகெங்கிலிருந்தும் திரட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் மூன்று கட்டங்களைக் கண்டார்: பழைய நிலையிலிருந்து பிரிதல், எதுவுமாக இல்லாத இடைநிலை, புதிய நிலையில் சேர்தல். ஜாம்பியாவின் என்டெம்பு மக்களிடையே வாழ்ந்து ஆய்ந்த விக்டர் டர்னர் 1969-ல் அந்த நடுக்கட்டத்தை எடுத்து விரித்தார். அங்கே பதவி, பட்டம், பணம் எல்லாம் கழன்று விழுந்து, உடன் இருப்போர் சமமாகிவிடும் ஓர் உறவு பிறக்கிறது என்றார்.

கார்த்திகை பிறந்ததும் நம் தெருக்களில் இதைப் பார்க்கலாம். சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள், அதோடு பழைய ஆள் பிரிந்துவிடுகிறார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், மழிக்காத தாடி. மேலதிகாரியானாலும் கடைநிலை ஊழியரானாலும் பெயர் ஒன்றே: சாமி. 41 நாள் விரதம், இருமுடி, மலையேற்றம், தரிசனம். திரும்பி வந்து மாலையைக் கழற்றியதும் மறுபடி பழைய பெயர், ஆனால் மலைக்குப் போய்வந்தவர் என்ற புதிய மதிப்போடு. இதே கண்ணாடியை அணிந்துகொண்டு ஹஜ்ஜைப் பாருங்கள். யாத்திரைக்குக் குறித்த எல்லையை அடைந்ததும் ஆண்கள் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிக்கு மாறிவிடுகிறார்கள். இஹ்ராம் எனப்படும் அந்த நிலையில் முடி வெட்டக்கூடாது, நகம் களையக்கூடாது, நறுமணம் பூசக்கூடாது, சண்டை கூடாது. அரஃபா வெளியில் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள். முடி களைந்து நிலை கலைந்து ஊர் திரும்புகிறவர் ஹாஜியார். 1964-ல் ஹஜ்ஜுக்குப் போன அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், வெள்ளையரோடு ஒரே தட்டில் உண்டதைப் பற்றி அங்கிருந்து எழுதிய கடிதத்தில், இனத்தைப் பற்றிய தம் பழைய கருத்துகளை மாற்றிக்கொள்ள நேர்ந்ததாகச் சொன்னார். டர்னர் பேசிய உறவுக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் ஒப்பிடுவது என்றால் ஒன்றாக்குவது என்று பொருளில்லை. சபரிமலையில் பக்தனும் தெய்வமும் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். இஸ்லாத்தில் அப்படி ஒரு பேச்சுக்கே இடம் கிடையாது. சமத்துவத்துக்கும் வேலி உண்டு. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதோர் நுழைய முடியாது. சபரிமலையில் 10 முதல் 50 வயதுவரையுள்ள பெண்களின் நுழைவு பற்றி 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் விவாதம் ஓயவில்லை. டர்னருக்குப் பின் வந்தவர்கள், புனித யாத்திரையில் சமத்துவம் மட்டும் இல்லை, போட்டியும் உரிமைச் சண்டையும் உண்டு என்று எழுதினார்கள். "எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன" என்பது நல்ல மனத்திலிருந்து வரும் வாக்கியம். மேடைக்கு ஏற்றது. ஆனால் படிப்பதற்கு அது முட்டுக்கட்டை. ஒன்றையே சொன்னால் எதற்காக மெனக்கெட்டு இரண்டையும் படிக்க வேண்டும்?

இன்னொரு இணை: சரியான நம்பிக்கை, சரியான நடைமுறை. கிறிஸ்தவம் 325-ல் நிசேயா சங்கத்தில் கூடி, எதை விசுவசிக்க வேண்டும் என்று வரிவரியாக வகுத்தது. விசுவாசப் பிரமாணம் அங்கே உயிர்நாடி. யூத மரபில் ஓய்வுநாளை எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள், எதை உண்ணுகிறீர்கள் என்பது பெரும்பாலும் முந்திக்கொள்ளும். நம் ஊர்த் திருவிழாவில் வரி கட்டினாயா, காப்புக் கட்டிய பின் ஊரைவிட்டு வெளியே தங்கினாயா என்று கேட்பார்களே தவிர, அம்மனைப் பற்றி உன் கொள்கை என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. "உங்கள் நம்பிக்கை என்ன?" என்று எல்லாரிடமும் கேட்கும்போது, ஒரு சமயத்தின் அளவுகோலை எல்லார் மீதும் வைக்கிறோம். ஜப்பானில் இந்தக் கேள்வி அப்படியே குழம்பிப்போகும். புத்தாண்டுக்கு ஷிண்டோ ஆலயம், ஈமச்சடங்குக்குப் பௌத்த விகாரை என்று ஒரே குடும்பம் இரண்டுக்கும் போகும். அந்நாட்டுக் கலாசார முகமை வெளியிடும் கணக்கில் வெவ்வேறு சமயத்தினரின் கூட்டுத்தொகை நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிடுகிறது. கணக்கில் பிழையில்லை. ஒருவருக்கு ஒரு சமயம்தான் என்ற நம் எதிர்பார்ப்புதான் அங்கே பொருந்தவில்லை.

நிறுவனர் மறைந்த பிறகு ஒரு சமயம் எப்படி நிலைக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் ஒரு விளக்கம் தந்தார். தனிமனிதரின் அருளாற்றல், அவருக்குப் பின் பதவியாக, விதியாக, நூலாக மாற வேண்டும். 1708-ல் சீக்கியர்களின் குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்ததைப் படிக்கும்போது அந்த விளக்கம் உயிர் பெறுகிறது.

கலைச்சொற்களில் சில, தெருவில் ஒரு பொருளும் இத்துறையில் வேறு பொருளும் உடையவை. அவற்றை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். தொன்மம் என்று எங்கள் கட்டுரையாளர் எழுதினால் பொய்க்கதை என்று கொள்ள வேண்டாம். ஒரு சமூகம் தன்னையும் உலகையும் புரிந்துகொள்ள ஆதாரமாக வைத்திருக்கும் கதை என்பதே பொருள். அது நடந்ததா என்பது தனி விசாரணை. ஓரிறைக் கொள்கை, பலதெய்வ வழிபாடு, எல்லாமே இறை எனும் கொள்கை என்ற பெயர்கள் ஏணியின் படிகள் அல்ல. கீழே அனிமிசம், மேலே ஓரிறை என்று அடுக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பழக்கம். கலப்புச் சமயம் என்ற சொல்லையும் அளந்தே புழங்குவோம். வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதையும் நாகூர் சந்தனக்கூட்டையும் கலப்பு என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கலப்பே இல்லாத தூய சமயம் ஒன்று எங்கோ இருப்பதாக அந்தச் சொல் நினைக்க வைத்துவிடுகிறது. அப்படி ஒன்றை வரலாறு இன்னும் காட்டவில்லை.

'மூடநம்பிக்கை' என்ற சொல்லை விவரிப்பில் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதுகிறவர்களைக் கேட்டிருக்கிறோம். பகுத்தறிவு மரபில் வந்த வாசகர்கள் கோபிக்க வேண்டாம். விமரிசனத்துக்கு இதழில் வேறு பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. அதே கண்டிப்போடு, 'முன்னோர் முட்டாள்கள் அல்லர், இதில் அறிவியல் இருக்கிறது' என்ற வாக்கியத்தையும் விலக்கியிருக்கிறோம். வாசலில் மஞ்சள் நீர் தெளிப்பது கிருமியைக் கொல்ல என்று விளக்குவது சமயத்துக்கு வக்காலத்து வாங்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அது, தெளிக்கும் அந்த அம்மாளின் மனத்தில் இருக்கும் மாரியம்மனை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு மருந்துக்கடையை வைக்கிறது. சமயத்தை வேறொன்றாகச் சுருக்குவதைத் துறையில் குறுக்கல்வாதம் என்பார்கள். சமயத்தை மனநோயாகச் சுருக்குகிறவர் அதைச் செய்கிறார் என்பது எளிதில் தெரியும். சுகாதாரமாகச் சுருக்கும் அன்பரும் அதையே செய்கிறார் என்பது நம் ஊரில் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

கடைசியாக, 'உலகச் சமயங்கள்' என்று நாங்களே வைத்த பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலே எப்படி உருவாயிற்று என்று சமயவியல் அறிஞர் டொமோகோ மசுசாவா 2005-ல் ஒரு நூல் எழுதினார். ஐந்தாறு பெரிய பெயர்களுக்குள் உலகத்தை அடக்கும் பழக்கம் ஐரோப்பாவில் அண்மைக்காலத்தில் பிறந்தது என்பது அவர் வாதம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஆறு சமயங்களுக்குத் தனிப் பெயரிட்டு, மீதியைப் 'பிற' என்கிறது. 2011-ல் அந்தப் 'பிற'வுக்குள் சர்னா என்று தம் சமயத்தை எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் சுமார் 49 லட்சம் பேர். தங்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்ற ஆதிவாசிகளின் கோரிக்கையை ஏற்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. நம் பக்கத்தில் சாமித்தோப்பை மையமாகக் கொண்ட அய்யாவழியினர் தாங்கள் தனி வழி என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். பெரிய பெயர்களுக்குள் அடங்காதவர்களுக்கும் தொடரில் இடம் உண்டு. நூல்வழிப் பெருமரபு, ஊர்வழிச் சிறுமரபு என்ற பிரிவைச் சென்னையில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மில்டன் சிங்கர் போன்றோர் கண்ட உண்மையும் இதற்குத் துணை நிற்கிறது: இரண்டும் தனித்தனிக் குளங்களாக நிற்பதில்லை, ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன.

இத்தனையும் சொன்ன பிறகு, இரண்டாவது குரலுக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. வெளியாள் எடைபோடலாமா? பிரிவினைக்கு முன் லாகூரில் ஆசிரியராக இருந்த கனடா அறிஞர் வில்ஃபிரட் கேண்ட்வெல் ஸ்மித் ஒரு சோதனையை முன்வைத்தார். ஒரு சமயத்தைப் பற்றி நாம் சொல்வதை அச்சமயத்தார் படித்து ஆமாம், இது நாங்கள்தான் என்று ஒப்ப வேண்டும். இல்லையேல் அந்தக் கூற்று செல்லாது. அழகான சோதனை, ஆனால் சிக்கலும் உண்டு. எந்தச் சமணர் ஒப்ப வேண்டும், மடாதிபதியா, மேல்சித்தாமூரில் பள்ளிக்குப் போகும் பெண்ணா? வரலாற்றாய்வு சில வேளை பக்தர் விரும்பாத ஆண்டையும் சொல்லுமே? சமயவியல் அறிஞர் வேய்ன் பிரவுட்ஃபுட் 1985-ல் இதற்கு ஒரு தீர்வு தந்தார். விவரிப்பு வேறு, விளக்கம் வேறு. என்ன செய்கிறார்கள், அதை என்னவென்று நினைத்துச் செய்கிறார்கள் என்ற விவரிப்பு, செய்கிறவர் ஏற்கும்படி இருந்தாக வேண்டும். ஏன் அப்படி ஆயிற்று என்ற விளக்கத்தில் ஆய்வாளர் மாறுபடலாம், சான்று காட்ட வேண்டும்.

இதை அப்படியே எங்கள் நடைமுறையாக்கியிருக்கிறோம். ஒவ்வொரு கட்டுரையும் அச்சுக்குப் போகுமுன் அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் கைக்குப் போகும். விவரிப்பில் அவர் காட்டும் தவறு திருத்தப்படும். விளக்கத்தில் அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கட்டுரைக்குப் பக்கத்திலேயே அவர் பெயரோடு வரும். ஒருவர் மட்டுமே ஒரு சமயம் ஆகிவிடமாட்டார் என்பதால், மிச்ச வேலை உங்களுடையது. உங்கள் சமயத்தைப் பற்றிய கட்டுரை வரும் மாதத்தில், அதைப் படித்து, 'இது எங்கள் வீடு இல்லையே' என்று தோன்றினால், எந்தப் பத்தியில், எந்த வரியில் என்று குறித்து எழுதுங்கள். அடுத்தவர் சமயத்தைப் பற்றிய கட்டுரை வரும் மாதத்தில், அதில் எந்தப் பழக்கம் உங்களுக்கு விளங்கவில்லை என்று எழுதுங்கள். அதை அவர்களிடமே கேட்டு வாங்கித் தருகிறோம். தரங்கம்பாடியிலிருந்து கேள்விகள் கடிதமாகப் போனபோது பதில் எழுதிய தமிழர்கள் இருந்தார்கள். கேள்வி கேட்கும் வேலையையும் இந்த முறை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்